பேசுவதற்கு எதற்குக் காசு?

4 ஜூன் 2024, அம்பத்தூர் வாசகரின் கேள்வி

என் தம்பி மகன் மாதம் நான்கு முறை ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் வருகிறான். ஒருமுறைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டால், பேசுகிறேன் என்கிறான். தெருமுனைத் தேநீர்க் கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு நாங்கள் இதைவிட அதிகம் பேசினோம். துக்கம், கோபம், தூக்கமின்மை எல்லாம் எல்லோருக்கும் உள்ளவைதாம். அவற்றுக்குச் சிகிச்சை என்று பெயர் வைத்தது வியாபாரம் அல்லாமல் வேறென்ன? அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

4 ஜூன் 2024, இரவு

அனுபவப்பட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். வயது 47. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன், வீடு வேளச்சேரியில். அந்தப் பன்னிரண்டு ரூபாய்த் தேநீரை நானும் குடித்தவன்தான்.

பிப்ரவரி 2019இல் ஒரு காலை, பறக்கும் ரயிலில் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். கோட்டூர்புரம் நிலையத்தை விட்டு வண்டி அடையாற்றுப் பாலத்தின்மேல் ஏறியபோது இடது கை விரல்கள் மரத்தன. தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்குவதுபோல் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் சட்டைப் பொத்தான் அசைவதை என் கண்ணால் பார்த்தேன். இதோ சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. அடுத்ததாக வந்த கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்கி, சிமென்ட் இருக்கையில் உட்கார்ந்தேன். மீன்கூடையோடு இருந்த ஓர் அம்மாள் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பத்து நிமிடத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. வடிந்த பிறகு வந்த வெட்கம்தான் அன்று மாலைவரை நீடித்தது.

அந்த ஆண்டு ஜூலைக்குள் மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு முறையும் "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்றார்கள். அந்த "ஒன்றுமில்லை" அளவுக்கு என்னைக் கலங்கடித்த சொல் வேறில்லை, ஏனெனில் ஒன்றுமில்லாத ஒன்றுக்கு மருந்து எங்கே தேடுவது?

இனி உங்கள் தேநீர்க் கடைக்கு வருகிறேன். அங்கேயும் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னார், ஒருவர் ஜாதகத்தை எடுத்து வரச் சொன்னார். என் நெடுநாள் நண்பரோ, நான் நான்காவது வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே தன் கதையை ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள். என் பதட்டம் மட்டும் யார் காதிலும் முழுதாக விழவில்லை.

5 ஜூன் 2024

வியாபாரம்தான், மறுக்கவில்லை. பல் பிடுங்குவதும் வியாபாரம்தான். அதைத் தேநீர்க் கடையில் செய்துகொள்வதில்லை.

9 ஜூன் 2024

அந்தப் பாலத்தின்மேல் ஏன் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு பெருகியபோது, என் அக்கா கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் இருந்தாள். மறுநாள் கைப்பேசிகள் செத்துவிட்டன. வேளச்சேரியில் எங்கள் தெருவிலேயே இடுப்பளவுத் தண்ணீர், அதில் நடந்து வெளியேறி, பாலத்தின் இந்தப் பக்கம்வரை போய் நின்றேன். ஆறு பழுப்பாக, பாலத்தைத் தொடும் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு மரக்கட்டில் தலைகீழாக மிதந்து போனது. அக்கா மொட்டை மாடியில் பத்திரமாக இருக்கிறாள் என்ற செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் எனக்குள் எங்கோ தங்கிவிட்டன, மூன்றாண்டு கழித்து அதே ஆற்றின்மேல் வெளிவந்தன. ஆற்றின்மேல்தான் பயம் வந்தது என்பதற்கு வேறென்ன விளக்கம் வேண்டும்?

10 ஜூன் 2024

யாரிடம் போவது என்ற கேள்விக்கு, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன்.

மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதக்கூடியவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் எம்ஃபில் போன்ற பயிற்சியோடு, இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்சிஐயில், பதிவு பெற்றவர். இவர் மருந்து எழுதுவதில்லை, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருகிறார். கவுன்சலர் என்ற பலகையோ தெருவுக்குத் தெரு தொங்குகிறது. நல்ல படிப்பும் பயிற்சியும் உடையவர்கள் அதன்கீழ் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவர்களும் இருக்கிறார்கள். பதிவு எண் உண்டா, என்ன படித்தீர்கள், என்னைப் போன்றவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் இரண்டாம் நாள் போக வேண்டியதில்லை.

நான் கேட்கவில்லை. அக்டோபர் 2019இல் போன முதல் ஆள் நாற்பது நிமிடம் என்னை அழவிட்டுவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் தன் தியானப் பயிற்சி முகாமுக்கான ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். ஏழாயிரம் ரூபாய், முன்பணம் பாதி. கட்டிவிட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அழுது முடித்த மனிதனிடம் எதையும் விற்றுவிடலாம். முகாமுக்குப் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. அதன்பின் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் தைராய்டுப் பரிசோதனையும் வைட்டமின் பி12 பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார், ஏனெனில் அவற்றின் கோளாறும் மனக் கோளாறுபோல் வேடம் போடுமாம். இரண்டும் சரியாக இருந்ததைப் பார்த்துவிட்டு மாத்திரை தந்ததோடு, அடையாறில் ஓர் உளவியலாளர் அம்மையாரிடமும் அனுப்பினார். பதினான்கு அமர்வு, ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம், ஆயிரம் ரூபாய்.

22 ஜூன் 2024

தொழில் காரணமாகச் சொற்களைப் பிடித்துத் தொங்குவது என் வழக்கம், பொறுத்துக்கொள்க.

"ஆலோசனை" என்ற சொல்லே நம்மை வழி தவற வைக்கிறது என்று நினைக்கிறேன். ஆலோசனை என்றால் யோசனை சொல்வது. வக்கீல் சொல்வார், ஆடிட்டர் சொல்வார். அந்த அம்மையார் பதினான்கு அமர்விலும் இதைச் செய், அதை விட்டுவிடு என்று என் வாழ்க்கையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. பயிற்சிகள் தந்தார், கேள்விகள் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் என் அம்மா, "இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்பார். ஒன்றும் சொல்லவில்லை என்பேன். "ஆயிரம் ரூபா வாங்கிட்டு ஒண்ணும் சொல்லலையா?" என்று அம்மா திகைத்ததில் என்ன தவறு? பெயர்ப்பலகையில் ஆலோசனை என்றுதானே எழுதியிருக்கிறது.

இலங்கைத் தமிழர் இதை உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற சொல் எத்தனை பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது! வழி சொல்வதாக அது வாக்குக் கொடுக்கவில்லை, கூட வருவதாக மட்டுமே சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் செய்தித்தாள்களில் "மன அழுத்தம்" என்பது எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவின் பரபரப்பும் மன அழுத்தம், ஆறு மாதமாகக் குளிக்கக்கூட எழ முடியாமல் கிடப்பதும் மன அழுத்தம். முன்னது நெருக்கடி, பின்னதற்கு மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் அச்சாகும்போது, "எனக்கும்தான் இருந்துச்சு, தானா போச்சு" என்று சொல்கிறவருடைய நெருக்கடி, கேட்டுக்கொண்டிருப்பவருடைய சோர்வுக்கு மருந்தாக நீட்டப்படுகிறது. நானும் எத்தனையோ பக்கங்களில் இந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

23 ஜூன் 2024

மேலே சொற்களைப் பற்றி இவ்வளவு பேசியவன், முதல் குறிப்பில் "பதட்டம்" என்று எழுதியிருப்பதைப் பெரம்பூர்ச் சகோதரி சுட்டிக்காட்டியிருக்கிறார். பதற்றம் என்பதே சரி. என் நோயின் பெயரையே பிழையாக எழுதியிருக்கிறேன், அதுவும் இருபத்திரண்டு ஆண்டு புரூஃப் பார்த்த பிறகு. திருத்தாமல் விட்டுவைக்கிறேன், தண்டனையாக.

14 ஜூலை 2024

உள்ளே என்னதான் நடக்கும் என்று அம்பத்தூர் நண்பர் மறுபடியும் கேட்கிறார். கிண்டல் குறைந்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். கூடவே, ஜூன் 9ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் பெற வேண்டியும் இருக்கிறது.

வெள்ளக் கதையை இரண்டாம் அமர்வில் உளவியலாளர் அம்மையாரிடமும் இப்படித்தான், கட்டில் மிதந்தது உட்படச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, துப்புத் துலங்கியதுபோல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர், "இருக்கலாம்" என்றார். பிறகு, "மூன்றாம் முறை எங்கே வந்தது?" என்று கேட்டார். மூன்றாம் முறை வந்தது அச்சகத்தின் படிக்கட்டில். இரண்டாம் முறை வீட்டில், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அங்கெல்லாம் ஆறு ஏது? பதில் சொல்ல முடியாமல், ஒருவேளை சாம்பாரில் தண்ணீர் அதிகமாக இருந்திருக்கலாம் என்றேன். அவர் சிரித்த ஒரே அமர்வு அது.

இப்போது யோசித்தால், கதையாகச் சொல்ல அழகாக இருந்ததால்தான் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. அந்த ஆண்டு என் கணக்கில் வேறு எத்தனையோ இருந்தன: அச்சகத்தில் பாதிப் பேரை நிறுத்தியிருந்தார்கள், தூக்கம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது, காப்பி நாளுக்கு ஏழு டம்ளர். எதுவும் தனியாகக் கதையாகாது. அவருக்கும் முதல் காரணத்தைவிட, இப்போது எது அதைத் தொடர வைக்கிறது என்பதிலேயே அக்கறை இருந்தது.

தொடர வைத்தது இதுதான்: நெஞ்சு படபடக்கிறது, அதை மாரடைப்பு என்று நினைக்கிறேன், அந்த நினைப்பே படபடப்பை இரட்டிக்கிறது. ஒருநாள் அவர் என்னை அந்தக் கட்டடத்தின் மூன்று மாடியையும் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். மூச்சிரைக்க வந்து நின்றபோது நாடியைப் பிடித்து எண்ணச் சொன்னார். நிமிடத்துக்கு 132. "ரயிலில் வந்ததற்கும் இதற்கும் உடம்பில் என்ன வித்தியாசம்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். படபடப்பு, வியர்வை, தொண்டை வறட்சி எல்லாம் அதேதான். படிக்கட்டில் ஏறியதால் என்று காரணம் தெரிந்திருந்தது, அதனால் பயம் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டிலும் தினம் இதைச் செய்யச் சொன்னார். மாடி வீட்டுக்காரர் நான் உடம்பைக் குறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தது ரயில். முதல் வாரம் வேளச்சேரி நடைமேடைவரை போய், வண்டி புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பிறகு பெருங்குடிவரை ஒரே ஒரு நிலையம். பிறகு தரமணி, திருவான்மியூர் என்று நீள வேண்டும். ஒவ்வொரு முறையும் பயத்துக்குச் சுழியத்திலிருந்து நூறுவரை மதிப்பெண் போட்டு, வீணான புரூஃப் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். பயம் உச்சத்துக்குப் போகும்போது இறங்கக் கூடாது, அது தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அன்று கிரீன்வேஸ் சாலையில் நான் இறங்கியதும் பயம் வடிந்ததல்லவா? இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று அப்போது உடம்பு பாடம் படித்துவிட்டதாம். அந்தப் பாடத்தை அழிக்க இறங்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாலத்தின்மேல் முதல் முறை 85, மூன்றாம் முறை 60.

நான்காம் முறைக்கு முன் மார்ச் 2020 வந்துவிட்டது. ஊரடங்கில் ரயிலையே அரசு நிறுத்திவிட்டது. ரயிலுக்குப் பயந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நகரமே முடங்கிக் கிடந்தபோது நான் மட்டும் நிம்மதியாகத் தூங்கினேன். கடைசி ஐந்து அமர்வுகள் தொலைபேசியில் நடந்தன. இரண்டறை வீட்டில் யார் காதிலும் விழாமல் பேச இடமின்றி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசினேன். அந்த நிம்மதியைப் பற்றிச் சொன்னதும், அது குணமல்ல, தவிர்ப்பு என்றார். ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது என் மதிப்பெண் பழைய 80க்கே போயிருந்தது. மறுபடியும் பெருங்குடியிலிருந்து ஆரம்பித்தேன்.

தேநீர்க் கடையால் ஏன் இது முடியாது என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். என் பயத்தை அம்மாவிடம் சொன்னால், முதலில் அம்மாவின் பயத்தை நான் ஆற்ற வேண்டும். மனைவியிடம் சொன்னால், வேலை போய்விடுமோ என்று அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரியும். உறவில் யாரிடம் சொன்னாலும் என் பிழைப்பில் அவர்களுக்கும் பங்கு இருப்பதால், நான் சீக்கிரம் சரியாகிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு உண்டு. நான் சரியாகாவிட்டால் எதையும் இழக்காத ஒருவர் முன்னால்தான் முழுதாகச் சொல்ல முடிந்தது. அந்தச் சம்பந்தமில்லாத காதுக்குத்தான் ஆயிரம் ரூபாய்.

18 ஆகஸ்ட் 2024

ஆயிரம் ரூபாய் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று கோபமாகக் கேட்டவருக்கு: கோபம் நியாயமானது. அரசு பொது மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் புறநோயாளிகளுக்குக் கட்டணம் இல்லை, மாத்திரையும் இலவசம். ஆனால் கூட்டத்தில் ஐம்பது நிமிடம் பேசக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கீழ்ப்பாக்கம் என்று எழுதும்போதே எனக்கும் கை தயங்கியது. பள்ளியில் ஒருவனை மட்டம் தட்ட அந்த ஊர்ப்பெயரே போதுமாக இருந்தது, நானும் எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன். 1794இல் சென்னையில் தொடங்கி, 1871இல் இன்றைய வளாகத்துக்கு வந்த மருத்துவமனை அது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். அவர் 1984இல், மனச்சிதைவு நோய்க்கான ஆய்வு நிறுவனமாகிய ஸ்கார்ஃப் அமைப்பை இதே நகரத்தில் தொடங்கினார், 2021 டிசம்பரில் 98ஆம் வயதில் மறைந்தார். வசைச்சொல்லாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த இடத்தில் இப்படி ஒருவர் வேலை பார்த்திருக்கிறார் என்பதை நாற்பது வயதுக்குமேல்தான் அறிந்தேன்.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சுபவர்களுக்கு: 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் படுக்கையில் சேராமல் வெறுமனே போய்ப் பேசிவரும் அமர்வுகளுக்கு என் பாலிசியில் ஒரு பைசா கிடைக்கவில்லை.

2 செப்டம்பர் 2024

நேற்றிரவு ஒரு மணிக்கு இங்கே, வாழப் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டு உடனே அழித்துவிட்டவருக்கு. நான் பார்த்துவிட்டேன். 14416 என்ற எண்ணை இப்போதே அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை அது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பும் இதற்காகவே இருக்கிறது. பக்கத்தில் ஒருவரை எழுப்பி உட்கார வைத்துக்கொள்ளுங்கள். காரணமெல்லாம் பிறகு பேசலாம். படித்தேன் என்று ஒரு புள்ளியாவது இங்கே வையுங்கள்.

2 செப்டம்பர் 2024, மாலை

புள்ளி வந்தது. நன்றி.

பிரசவம் ஆகி இரண்டு மாதமாகத் தங்கை சிரிக்கவே இல்லை, குழந்தையைத் தொடத் தயங்குகிறாள் என்று எழுதிய பெரம்பூர்ச் சகோதரிக்கு: பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று, சிகிச்சைக்கு இணங்குவது. திருஷ்டி கழிப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த வாரமே அவளைப் பிரசவம் பார்த்த மருத்துவரிடமாவது அழைத்துப் போங்கள். என் ரயில் கதையை இதற்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

6 அக்டோபர் 2024

மாத்திரை பற்றி விட்டுப்போனது. பதினொரு மாதம் சாப்பிட்டேன். முதல் வாரம் குமட்டலைத் தவிர வேறு பயன் தெரியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இவ்வகை மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், நான் காதில் வாங்கவில்லை. நிறுத்தும்போதும் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தேன். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொரு திருத்தம், இது பெரிது. ஜூன் 4ஆம் தேதி, என் நான்காவது வாக்கியத்தில் குறுக்கே புகுந்து தன் கதையைச் சொன்ன நண்பரைப் பற்றிக் குறைபட்டிருந்தேன். இந்த இழையை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் ஐஸ்ஹவுஸ் பக்கம் அதே கடையில் பார்த்தபோது, "அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு லிஃப்டில் ஏற முடியாதாம், ஒன்பது ஆண்டாக. மகளின் அலுவலகம் ஆறாம் மாடியில் இருப்பதால் அங்கே ஒருமுறைகூடப் போனதில்லையாம். என் பேச்சில் தன்னுடையதைக் கண்டுகொண்ட அவசரத்தில் அன்று புகுந்திருக்கிறார், நானோ என் கதை அறுந்துபோன எரிச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பன்னிரண்டு ரூபாய்த் தேநீரைப் பற்றி நான் எழுதியதில் பாதியைக் குறைத்துப் படியுங்கள். அங்கே கேட்கத் தெரியாதவர் பட்டியலில் என் பெயரும் சேர வேண்டும்.

பயிற்சியாக முதலில் ஒரே ஒரு மாடி ஏறிப் பாருங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அடையாறு அம்மையாரின் எண்ணைக் கொடுத்தேன்.

11 ஜனவரி 2025

அம்பத்தூர் நண்பர் தனிமடலில் கேட்டார். இங்கேயே பதில் எழுதலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார். இம்முறை தம்பி மகனுக்காக அல்ல. மனைவி போய் எட்டு மாதம் ஆகிறதாம், மாலை ஆறு மணிக்குமேல் வீட்டுக்குள் நுழைய முடியவில்லையாம், பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம். எட்டு மாதம் என்றால், இந்த இழையை அவர் தொடங்கியதற்குச் சில வாரம் முன்பு. அன்று அதை யாரும் கேட்கவில்லை, நான் பல் பிடுங்குவதைப் பற்றி நக்கல் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் என்ன சொல்வது என்கிறீர்கள். தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம், நான் ரயிலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் அமர்வு முதல் அமர்வைவிட மோசமாக இருக்கலாம், அதனால் நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தம்பி மகனைத் துணைக்குக் கூட்டிப் போகலாம், அவனுக்கு வழி தெரியும்.

பழைய ஈசிஜி இருந்தால் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். அந்தத் தாள் நாளாக நாளாக வெளிறிவிடும். என்னுடைய மூன்றில் இரண்டு, பீரோவிலிருந்து எடுத்தபோது வெறும் ரோஜா நிறக் கட்டங்களாக இருந்தன.